எப்போதும் ஐந்தாம் நாள்

ஓநாய்ச் சிலந்தித் தாயை ஏமாற்றுவது மிக எளிது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிருந்தா அதைத் தெரிந்துகொண்டாள்.

இந்தச் சிலந்தி வலை பின்னிவிட்டு இரைக்காக உட்கார்ந்திருக்காது. தரையில் ஓடித் துரத்திப் பிடித்துத் தின்னும். முட்டையிட்டதும் அவற்றை நூலால் சுற்றி மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாக்கி, வயிற்றின் பின்முனையில் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு எங்கே போனாலும் உருண்டையும் கூடவே போகும். வேட்டைக்குப் போகும்போதும் இறக்கி வைக்காது. எட்டுக் கண் இருந்தும் தன் முதுகுக்குப் பின்னால் தொங்குவது அதற்கு அவ்வளவாகத் தெரியாது. தொட்டுத்தான் பார்க்கும். அதனால் உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு அதே அளவில் காகிதத்தைச் சுருட்டி வைத்தாலும் போதும். முன்கால்களால் தடவிப் பார்த்துவிட்டு, அணைத்து, நூலால் ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு பிருந்தா கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருந்தாள். ஓடுகிற மோட்டாரின் அதிர்வைப் படித்து, எந்தப் பேரிங் எத்தனை வாரத்தில் தேயும் என்று சொல்வது அவள் வேலை. அங்கிருந்துதான் 'மென்னடை' அவளை இழுத்துக்கொண்டது. மென்னடை வளர்ப்புச் சிலந்தி விற்கும் நிறுவனம். நாய் வளர்க்க அனுமதி இல்லாத அடுக்குமாடிகளில் ஓநாய்ச் சிலந்தி நன்றாகவே விற்றது. ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு விரற்கடை மண், ஒரு ஈரப் பஞ்சு, வாரத்துக்கு இரண்டு பூச்சி. வேறு செலவில்லை. குரைக்காது, முடி உதிர்க்காது. பெட்டியைத் திறந்தால் சில சிலந்திகள் உள்ளங்கையில் ஏறி உட்காரக்கூடப் பழகிவிடும்.

ஒரே ஒரு குறை, ஒன்றரை வருடத்தில் செத்துவிடும். அழுத வாடிக்கையாளர்கள் இரண்டாவது சிலந்தி வாங்குவதில்லை.

இதற்கு வழி தேடும் வேலையைத்தான் விலங்கியல் பிரிவின் தலைவி லூர்து, பிருந்தாவிடம் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து இருவரும் ஆய்வகத்தில் ஒரு தாய்ச் சிலந்தியைப் பார்த்தபடி நின்றார்கள். அது சுமந்த முட்டைகள் கருக்கொள்ளாதவை. பொரிக்கவே போவதில்லை. ஆனால் அதோடு பிறந்த சிலந்திகள் எல்லாம் செத்த பிறகும் அது மட்டும் இளமையாக ஓடிக்கொண்டிருந்தது.

"குஞ்சு பொரிச்சதுக்கு அப்பறம்தான் மேடம் இதுக்கு வயசாகுது. அதுவரைக்கும் உடம்பு காத்துட்டு இருக்குது" என்றாள் பிருந்தா.

"பொரிக்கப் போகுதா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உருண்டைக்குள்ள இருந்து வர அதிர்வுதான். முட்டை புதுசா இருந்தா ஒரு மாதிரி. குஞ்சு அசைய ஆரம்பிச்சா வேற மாதிரி. பேரிங் தேயறதுக்கு முந்தி மோட்டார் சத்தம் மாறுதுங்களே, அதேதான். சத்தம் மாறினதும் இது பல்லால உருண்டையக் கிழிச்சு வழி விடுது. அன்னிக்கு இருந்து உடம்பு தளர ஆரம்பிக்குது."

லூர்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சத்தம் மாறவே இல்லைன்னா?"

பிருந்தாவின் கை அதற்குள் மேசைமேல் கிடந்த தாளில் எதையோ வரையத் தொடங்கியிருந்தது. அந்த மாதிரி நேரங்களில் அவளுக்குப் பசிகூடத் தெரியாது.

அவள் செய்த உருண்டை, தொட்டால் பட்டுப்போலவே இருந்தது. உள்ளே மயிரிழையைவிட மெல்லிய அதிர்தகடு ஒன்று. முட்டையிட்ட ஐந்தாம் நாளில் உருண்டைக்குள் இருக்கும் அமைதியான அதிர்வை அது ஓயாமல் எழுப்பிக்கொண்டிருக்கும். சிலந்தி நடக்கிற நடையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். தாய்க்கு நேற்றும் ஐந்தாம் நாள்தான், இன்றும் ஐந்தாம் நாள்தான், அடுத்த வருடமும் ஐந்தாம் நாள்தான். அதை நிறுத்துவதற்கென்று பிருந்தா எதுவும் வைக்கவில்லை. யாராவது ஏன் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

முதல் சோதனைக்கு நாற்பது வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். உருண்டை பொய் என்பதை வளர்ப்பவர்களிடம் சொல்லக் கூடாது என்பது லூர்து போட்ட விதி. தெரிந்தால் கவனிப்பு குறைந்துவிடும், கணக்கு தப்பிவிடும் என்றாள். அந்த நாற்பதில் ஒன்று வடவள்ளியில் இருந்த கோகிலாவின் வீடு. கோகிலா, பிருந்தாவின் அக்கா.

அந்த வருடம்தான் கோகிலாவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை அழாமல் பிறந்தது. பெண் குழந்தை. இப்படிப் பிறந்தால் தாய்க்குக் காட்டக் கூடாது என்பது அவர்கள் சொந்தத்தில் வழக்கம். காட்டினால் தாய் தேறமாட்டாள் என்று சொல்வார்கள். காட்டட்டுமா என்று நர்ஸ் கேட்டபோது அக்காவின் கணவர் சண்முகவேல் சுவரில் சாய்ந்தபடி வாய் திறக்காமல் நின்றார். வேண்டாம் என்று சொன்னது பிருந்தா. ஆண்கள் இரண்டு பேர் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் குழந்தைக்குக் காரியம் கிடையாது, தீட்டு கிடையாது, பெயர் கிடையாது. ஆர்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் கோகிலாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து மழையைப் பற்றியும் பில்லூர் அணைத் தண்ணீரைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். கோகிலாவும் அழவில்லை. அழ ஆரம்பித்தால் உடனே யாராவது பேச்சை மாற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பிருந்தா கண்ணாடிப் பெட்டியோடு போய் நின்றாள்.

"இதச் சித்த பாத்துக்கோக்கா. புள்ளத்தாச்சி" என்றாள்.

கோகிலா பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். உருண்டையை இழுத்துக்கொண்டு ஒரு சிலந்தி மூலைக்கு மூலை போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அன்றே அதற்கு நாச்சி என்று பெயர் வைத்தாள்.

முதல் வருடம் முழுக்க, எப்போது பொரிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த ஜாதிக்கு நாளாகும் என்றாள் பிருந்தா. இரண்டாவது வருடமும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு கோகிலா கேட்பதை விட்டுவிட்டாள். மறந்திருப்பாள் என்று பிருந்தா நினைத்துக்கொண்டாள். அதற்குள் மென்னடை உருண்டைகள் நாடு முழுக்க விற்றன. புது வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொல்லியே விற்றார்கள். யாரும் கவலைப்படவில்லை. சோதனைக்கு வைத்திருந்த நாற்பது வீடுகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடலாம் என்று லூர்து சொன்னபோது, எங்கள் அக்காவுக்கு மட்டும் வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள் பிருந்தா. அது நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது.

ஆறாவது வருடம் ஆடி மாதத்தில் ஒரு காலை கோகிலா போன் செய்தாள்.

"நாச்சி உருண்டையக் கடிக்கறா பிருந்தா. குஞ்சு வரப் போவுதாட்ட இருக்குது. நீ வந்து பாக்கறயா?"

பிருந்தாவுக்கு உடனே புரிந்தது. முதல் தொகுதி உருண்டைகளில் அதிர்தகடு கீறல் விட ஆரம்பித்திருந்தது. கீறல் விட்டால் அதிர்வு மாறும். மாறினால் தாய் கிழிக்கும். கிழித்தால் உள்ளே ஒரு தகடும் இரண்டு கம்பி நுனிகளும் இருக்கும். ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த அக்கா அதைக் கண்ணால் பார்ப்பாள். அந்தப் பொய் தன் தங்கை சொன்னது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

புது உருண்டையை மாற்றி வைத்தால் முடிந்தது, இரண்டு நிமிட வேலை என்றாள் லூர்து. பிருந்தா புது உருண்டை ஒன்றைச் சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு வடவள்ளிக்குப் போனாள்.

ஆனால் கோகிலா பெட்டியை விட்டு நகரவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிருந்தா இடுக்கியை எடுத்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதையும் தொடாத. இத்தன வருசம் சொமந்திருக்கா. அவளே பாத்துக்குவா."

சொல்லிவிட்டுத் தங்கையின் முகத்தையே பார்த்தாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று பிருந்தாவுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். "நல்லாத்தான் இருக்குதுக்கா. இன்னும் நாலஞ்சு நாளு ஆகும்" என்றுதான் வந்தது.

வாசல்வரை வந்த சண்முகவேல், கோகிலா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். "நீ கொண்டாந்து குடுத்தது. நீயே நல்லபடியா முடிச்சு வையி சாமி" என்று மெதுவான குரலில் கேட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது உண்மையை எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றுமே 'நீ அப்ப இருந்த நெலமையில' என்றுதான் ஆரம்பித்தன. பாதி வழியில் அவளுக்கு வேறொரு யோசனை வந்தது. பொய் உருண்டையை நிஜம் என்று நம்புகிற தாய், நிஜ உருண்டையைக் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லும்? எந்தத் தாயின் முட்டையாக இருந்தால் என்ன? எந்த யோசனையிலும் அவளுக்கு முதலில் தெரிவது அது எப்படி வேலை செய்யும் என்பதுதான். மற்றவை பின்னால்தான் வரும்.

அன்று இருட்டியதுமே நொய்யல் கரையோர மஞ்சள் தோட்டத்துக்குப் போனாள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால் போதும். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குப் பின்னால் கண்ணாடிப் படலம் இருக்கிறது. பசுவின் கண்போல ஒளியைத் திருப்பி அனுப்பும். புல்லில் விழுந்த பனித்துளிபோல அங்கங்கே பச்சையாக மின்னியது. கால் மணி நேரத்தில் உருண்டையோடு ஒரு தாய் கிடைத்தது. உருண்டை சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. பொரிக்க நான்கு நாள் இருக்கும்.

பிருந்தா சிலந்தியை டப்பாவில் பிடித்து, இடுக்கியால் உருண்டையைக் கழற்றினாள். அந்த நொடியே அது சுற்ற ஆரம்பித்தது. டப்பாவின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று. பிறகு நடுவில் வந்து, உருண்டை போன இடத்தை முன்கால்களால் தட்டித் தட்டிப் பார்த்தது. மறுபடியும் ஒரு சுற்று. ஆய்வகத்தில் இதை நூறு தடவை பார்த்துச் சுற்றுகளை எண்ணிக் குறித்தவள்தான். ஆனாலும் அன்று பார்க்க முடியவில்லை. பையிலிருந்த புது உருண்டையை எடுத்து அதன் முன்னால் போட்டாள்.

சிலந்தி உடனே நின்றது. அணைத்தது. நூலால் ஒட்டிக்கொண்டது. யாருக்கும் எதுவும் குறையவில்லை என்று பிருந்தா தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அதை வரப்பில் விட்டாள்.

அடுத்த நாள் காலை வடவள்ளியில், அடுப்படியில் குக்கர் விசில் அடித்து அக்கா எழுந்து போன நேரத்தில் மாற்றிவிட்டாள். நாச்சிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கீறல் விட்ட பழைய உருண்டை பிருந்தாவின் கைப்பைக்குள் போய்விட்டது.

நான்காம் நாள் நாச்சி உருண்டையைக் கிழித்தது. கடுகைவிடச் சிறியதாக எண்பது தொண்ணூறு குஞ்சுகள் வெளியே வந்து, தாயின் கால்வழியாக ஏறி, முதுகு முழுக்க அடுக்கடுக்காக அப்பிக்கொண்டன. நாச்சியின் முதுகே தெரியவில்லை. கோகிலா அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தாள் பிருந்தா. சண்முகவேல் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். எண்பது பேத்தி எடுத்துவிட்டாயே என்று யாரோ கேலி செய்தார்கள்.

ஒரு வாரத்தில் குஞ்சுகள் இறங்கிப் பிரிந்தன. கோகிலா பெட்டியைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய்த் திறந்து வைத்தாள். நாச்சி மட்டும் போகவில்லை. உடம்பு ஆறு வருடத்தையும் மூன்று வாரத்தில் கணக்குத் தீர்த்தது. மேல்முடி உதிர்ந்தது, நடை தள்ளாடியது, கடைசியில் காலை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தது. கோகிலா தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாள். புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டு அழுதாள் என்று சண்முகவேல் போனில் சொன்னார். ஒரு பூச்சிக்குப் போய் இவ்வளவா என்று அவருக்குப் பயமாக இருந்தது.

பிருந்தா அடுத்த நாள் போனாள். கோகிலா அரிசிம்பருப்புச் சாதம் போட்டுக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்தக் குஞ்சுகளப் பெத்தவ எங்க இருக்கா?"

"நாச்சிதானக்கா..."

"நாச்சி சொமந்தது பிளாஸ்டிக்கு." கோகிலா தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "நாலு வருசமாத் தெரியும் எனக்கு. நெசமான உருண்டையில நடுவால தையல் போட்டாப்பல ஒரு கோடு ஓடுமாம். அதுலதான் தாய் கிழிக்குமாம். போன்ல படம் பாத்தேன். நாச்சியோடதுல கோடே இல்ல."

அப்போதே ஏன் கேட்கவில்லை என்றாள் பிருந்தா.

"நீயாச் சொல்லோணும்னு இருந்தேன். வருசா வருசம் பாத்தேன். அன்னிக்குக் கடிக்கறான்னு போன் பண்ணினதும் அதுக்குத்தான். இன்னிக்காச்சும் வாயத் தொறப்பேன்னு நெனச்சேன். நாலஞ்சு நாளு ஆகும்னுட்டுப் போயிட்ட. மறுநாளு குக்கர நிறுத்தப் போன நேரத்துல மாத்தி வெச்சுட்ட." அவள் குரல் உயரவே இல்லை. "அது கெடக்குது. குஞ்சப் பிடுங்கினயே, அவளுக்கு என்ன குடுத்த?"

"புது உருண்டை."

"அது எத்தன வருசம் வரும்?"

"பத்து."

கோகிலா எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் மஞ்சள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வீட்டுக்குள் தொலைந்துபோகும் சிலந்தியைத் தேடுவதற்காகப் புது உருண்டைகளில் ஒரு ஏற்பாடு இருந்தது. நான்கைந்து அடிக்குள் வந்தால் செல்போன் அதிரும். வரப்பு வரப்பாக நடந்தார்கள். ஏழாவது வரப்பில் போன் அதிர்ந்தது. மஞ்சள் இலைகளின் அடியில், மண் பிளவின் வாயில் அது நின்றது. உருண்டையை மிச்சமிருந்த வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. தாய்ச் சிலந்திகள் அப்படித்தான், முட்டைக்குச் சூடு வேண்டும் என்று பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கோகிலா குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள்.

"அத எடுத்துட்டா இவ என்ன பண்ணுவா?"

"தேடுவாக்கா. இதே எடத்தச் சுத்திச் சுத்தி வருவா. எரை போட்டாலும் தின்ன மாட்டா. மூணு நாளு அப்படித் தேடுவா. அப்பறம் வுட்டுருவா. தின்னு, தேறி, மறுபடியும் முட்டை வெப்பா."

"மூணே நாளுதானா?"

"அவ்வளவுதாங்கா."

"எடு" என்றாள் கோகிலா.

பிருந்தா இடுக்கியால் உருண்டையைக் கழற்றினாள். சிலந்தி திரும்பியது. நின்ற இடத்தை முன்கால்களால் தட்டிப் பார்த்தது. பிளவுக்குள் போய் வந்தது. ஒரு பெரிய வட்டம் போட்டது. பிருந்தாவுக்கு அங்கிருந்து போய்விட வேண்டும்போல இருந்தது. இருட்டப் போகுது, கிளம்பலாம் என்றாள். கோகிலா வரப்பின்மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"தேடட்டும். நாம பாத்தா ஒண்ணும் ஆயிராது."

சிலந்தி நான்காவது சுற்று வந்தது, ஐந்தாவது சுற்று வந்தது.

"எனக்கும் அந்த மூணு நாளக் குடுத்திருக்கலாம் நீங்கெல்லாம்" என்றாள் கோகிலா.

பிருந்தா நின்றுகொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்பதற்கான சொற்கள் எல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்தவைபோலவே இருந்தன. கோகிலா அவள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நீ அன்னிக்கு ஆஸ்பத்திரியிலதான இருந்த. அவ எப்படி இருந்தா? யாரு சாடை?"

மாமா நெற்றி, உன் மூக்கு, தலை நிறைய முடி என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அக்கா இன்று நிம்மதியாகத் தூங்குவாள். அது எப்படி வேலை செய்யும் என்பது பிருந்தாவுக்கு நன்றாகவே தெரியும்.

"நானும் பாக்கலக்கா" என்றாள். "நர்ஸ் துணிய வெலக்கினப்ப நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். யாருமே பாக்கல."

கோகிலா தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சேலையை ஒதுக்கி, வரப்பில் தங்கைக்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.